பள்ளிக் கட்டடங்களின் கணக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் சிற்றூர்கள் பல. அவ்வூர்களைப் போன்ற இடங்களில் பள்ளிக்கூடங்கள் எவ்வாறு உயர்ந்தன என்பதை மாணவர் அறிதல் நன்று.

1950களில் இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. காமராசர் முதலமைச்சராய் இருந்த அந்நாளில் பள்ளிகள் விரைந்து பெருகின. அவற்றிற்கு வேண்டியன அனைத்தையும் அளிக்க அரசின் கருவூலம் மட்டும் போதவில்லை. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958-இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். முதலில் ஒவ்வொரு பள்ளியின் தேவைகளையும் பட்டியலிட்டனர். பின்னர் மாநாடு கூட்டி அப்பட்டியலை ஊரார்முன் வைத்தனர். ஊராரும் மனமுவந்து வழங்கினர். கணக்கு முன்னே வந்தது. பொருள் பின்னே வந்தது.

இம்முறை மாறியபோது நேர்ந்தது என்ன? 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. அதன் பின்னரே பள்ளிகளின் ஓலைக்கூரைகளை அகற்றுமாறு ஆணை பிறந்தது. 2021-இல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறையின் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். பழுதுற்ற கட்டடங்களைக் கண்டறியும் பணி அதன் பின்னரே மாநிலமெங்கும் விரைந்தது.

2022-இல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்னும் மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்டது. பள்ளிக் கட்டடங்களுக்கு நபார்டு வங்கியின் கடனும் உதவி வந்துள்ளது. கடனை அடைப்போர் நாளைய மக்கள். ஆதலின் எக்கட்டடம் முதலில் என்பதை ஆராய்ந்தே துணிதல் வேண்டும்.

மாணவர்களே, வகுப்பறைச் சுவரில் விரிசலைக் கண்டால் அன்றே ஆசிரியரிடம் கூறுங்கள். கணக்கு அங்கிருந்தே தொடங்கட்டும்.