உணவுப் பிரமிடின் கதை

எதை அதிகம் உண்பது, எதைக் குறைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதினால் பலர் படிப்பதில்லை. படமாகப் போட்டால் பார்த்தவுடன் புரியும். ஆனால் எந்த வடிவத்தில் போடுவது?

1943-ல், போர்க்காலப் பங்கீட்டின்போது, அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளை ஏழு வகையாகப் பிரித்து ஒரு வட்டத்தில் காட்டியது. கீரைக்கு ஒரு துண்டு, வெண்ணெய்க்கும் ஒரு துண்டு! எதை எவ்வளவு உண்பது என்பது அதில் தெரியவில்லை.

இந்தக் குறையைத் தீர்த்தது ஸ்வீடன். 1970களின் தொடக்கத்தில் அங்கே உணவு விலை ஏறியது. கூட்டுறவு அமைப்பு ஒன்றின் சமையல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அன்னா-பிரிட் ஆக்ன்சேட்டர் ஒரு முக்கோணத்தை வரைந்தார். அகன்ற அடியில் ரொட்டி, பால், உருளைக்கிழங்கு போன்ற மலிவான உணவுகள். நடுவில் காய்கறி, பழம். குறுகிய உச்சியில் இறைச்சி, மீன், முட்டை. 1974-ல் அது வெளியானது.

அமெரிக்காவும் பிரமிடைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 1991 ஏப்ரலில், வெளியாகும் தறுவாயில், அமைச்சர் எட்வர்ட் மாடிகன் அதை நிறுத்தி வைத்தார். சிறுவர்களிடமும் ஏழை மக்களிடமும் சோதிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்குச் சற்று முன்புதான் இறைச்சி, பால் உற்பத்தியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். தங்கள் பொருள், குறைவாக உண்ண வேண்டிய கொழுப்புக்கும் இனிப்புக்கும் அருகில் இருக்கிறதே என்பது அவர்களின் மனக்குறை. இத்தனைக்கும் பரிந்துரைத்த அளவுகள் ஏற்கெனவே அச்சில் வந்தவைதான். எழுத்தில் இருந்தவரை பெரிதாகத் தெரியாதது, படத்தில் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

பிறகு கிண்ணம் உள்ளிட்ட பல வடிவங்களை மக்களிடம் காட்டிச் சோதித்தார்கள். அளவு வேறுபாட்டைப் பிரமிடே நன்றாக உணர்த்தியது. 1992 ஏப்ரல் 28 அன்று அது வெளியானது.

ஆனால் தெளிவான படம் தவறையும் தெளிவாகவே சொல்லும். தீட்டிய தானியமும் முழுத்தானியமும் ஒரே அடித்தட்டில் இருந்தன. நல்ல எண்ணெய்களும் மற்றக் கொழுப்புகளோடு உச்சிக்குப் போயின. ஹார்வர்டு பேராசிரியர் வால்டர் வில்லெட் போன்றோர் இதைக் கடுமையாக விமர்சித்தனர்.

2005-ல் வந்த புதிய பிரமிடில் செங்குத்தான வண்ணப் பட்டைகள் மட்டுமே இருந்தன. எந்தப் பட்டை எந்த உணவு என்று அறிய இணையத்தில் தேட வேண்டியிருந்தது. 2011-ல் பிரமிடுக்குப் பதில் தட்டு வந்தது. பாதித் தட்டு காய்கறியும் பழமும் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

2026 ஜனவரியில் அமெரிக்க அரசு மறுபடியும் பிரமிடுக்கே திரும்பியது, ஆனால் தலைகீழாக. 1992-ல் அகன்ற அடியில் இருந்த தானியம் இப்போது கீழ்முனையில் இருக்கிறது. அன்று உச்சிக்கு அருகே வைத்ததற்காகச் சண்டை மூண்ட இறைச்சி, அகன்ற மேல்பகுதிக்கு வந்துவிட்டது.