வேலியிலிருந்து வயலுக்கு வந்த காந்தள்

புரட்டாசி, ஐப்பசியில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போனீங்கன்னா, சில வயல்களில் கம்பிப் பந்தல் மேல் தீப்பிடித்த மாதிரி ஒரு பூ நிற்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அது. ஆனால் வயலில் நிற்பவரிடம் செங்காந்தள் என்று கேட்டுப் பயனில்லை. கண்வலிக்கிழங்கு என்றால்தான் பேச்சு நகரும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலில் வருவது காந்தள். அதனாலேயே இதை மலைப்பூ என்று மனதில் பதித்துக்கொண்டோம். பச்சைமலை அடிவாரத்தைத் தாண்டினால் இந்த இரண்டு மாவட்டத்திலும் மலை ஏது? சமவெளிப் புதர்க்காடும் கிளுவை வேலியும் இந்தக் கொடிக்குப் போதும். மழைக்குத் தலைநீட்டும், இலை நுனியையே சுருளாக்கிப் பிடித்து ஏறும், பூத்துக் காய்த்து தை, மாசிக்குள் காய்ந்துவிடும். பார்ப்பவருக்கு அது ஒரு பருவச் செடி. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். கிழங்கின் வடிவம் கலப்பை மாதிரி. வடமொழியில் லாங்கலி என்று பெயர் வந்தது அதனால்தான்.

அந்தக் கிழங்கு கடும் நஞ்சு. பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பது ஊர்ப்பேச்சு. பிள்ளைகளைக் கொடியிடமிருந்து தள்ளி வைக்க யாரோ கெட்டிக்காரர் வைத்த பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப் பயந்து ஒதுக்கிய செடி எப்படிப் பயிரானது? நஞ்சாலேயேதான். 1820-ல் பிரான்சில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் கோல்ச்சிக்கம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தார்கள். கோல்ச்சிசின் எனப்படும் அது கவுட் என்ற மூட்டு நோய்க்கு மருந்து. குரோமோசோம்களை இரட்டிப்பாக்க அது உதவும் என்று 1937-ல் தெரிந்தபின் பயிர் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் தேவைப்பட்டது. அதே பொருள் நம்ம காந்தள் விதையிலும் இருக்கிறது. பாட்டில் இருந்த பூவை வயலுக்கு இழுத்து வந்தது தமிழ்ப்பற்று இல்லை, மருந்துச் சந்தை!

பயிராக்குவது லேசான வேலையும் இல்லை. இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளுக்கு எட்டாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் பார்த்துக்கொள்ளும். ஏக்கர் கணக்கில் நட்டால் அது போதாது. அதனால் காலையில் ஆட்கள் இறங்கி, பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். அன்றன்று மலர்ந்த பூவுக்கு அன்றன்று. ஆள் கிடைக்காத வாரம் காய் குறைந்த வாரம்.

இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் விதையை என்ன செய்வது? சமைக்க முடியாது, மாட்டுக்கும் போட முடியாது. வாங்க வருபவர் வியாபாரி மட்டும்தான், விலையும் அவர் சொல்வதுதான். நெல்லுக்கு இருக்கிற குறைந்தபட்ச ஆதரவு விலை இதற்கு இல்லை. அரசே விலை வைக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தச் சாகுபடி தொடங்கியபோது நடுவதற்கான கிழங்கு காட்டிலும் வேலியிலும் தோண்டியெடுத்ததுதான். கிழங்கு போனால் அந்த இடத்தில் கொடியும் போச்சு. வேலியே கம்பிவேலியாக மாறிய ஊர்களில் காந்தள் பார்க்க இப்போது வயலுக்குத்தான் போக வேண்டும்.