ஒரே தாளில் மூன்று வகை எண்கள்: தைராய்டு, வைட்டமின் பரிசோதனை முடிவுகளை வாசித்தல் குறித்து

முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்கள் தரும் தாளில் டி.எஸ்.எச்., வைட்டமின் டி, பி12 மூன்றும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயல்பு வரம்பு. அதைத் தாண்டியது எதுவோ அது தடித்த எழுத்தில். அச்சில் மூன்றும் ஒரே தரம். மருத்துவரைப் பார்க்கப் போகுமுன்பே தடித்த எழுத்துகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வீடுகளில் வந்துவிட்டது. தடித்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை என்று எழுதப்படும் மருந்துச் சீட்டுகளும் குறைவில்லை. இக்கட்டுரை மறுப்பது இந்தக் கணக்கைத்தான். இம்மூன்றும் வெவ்வேறு வகைச் சான்றுகள். ஒன்றின் நம்பகம் உடலின் இயக்கத்திலிருந்தே வருகிறது. இன்னொன்றின் எல்லைக்கோட்டை வல்லுநர் குழுக்கள் வகுத்தன. மூன்றாவது, உடலில் உள்ளதில் ஒரு பகுதியை மட்டுமே பேசுகிறது. இது போதாதென்று, ஒன்றைச் சரிசெய்யக் கொடுக்கும் மாத்திரை மற்றொன்றைக் கலைக்கவும் செய்கிறது.

டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் பொருளன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, இரத்தத்தில் தைராக்சின் போதுமா என்று பார்த்துத் தைராய்டுக்கு அனுப்பும் ஆணை அது. தைராக்சின் சற்றுக் குறைந்தாலும் ஆணை பல மடங்கு உரக்கிறது. ஆகவே இந்த எண் ஓர் இருப்புக் கணக்கல்ல, உடல் தனக்குத்தானே தந்துகொள்ளும் தீர்ப்பு. இதன் மதிப்பை மருந்தின் வரலாறே காட்டும். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தது 1914 டிசம்பர் 25இல். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதற்கு நாடித்துடிப்பு, எடை, நோயாளி சொல்லும் சுகம் ஆகியவற்றைத் தவிர வேறு அளவுகோல் நெடுங்காலம் இல்லை. அந்தக் காலத்தில் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் கொடுப்பது சாதாரணம். 1965இல் ராபர்ட் அட்டிகர் மனித டி.எஸ்.எச். அளவை இரத்தத்தில் காணும் கதிரியக்க முறையை வெளியிட்டார். அம்முறை பரவி, கூர்மையடைந்தபின் அவர்களில் பலர் தேவைக்கு மேல் மருந்து உண்டிருந்தது தெரிந்தது. இன்று சுரப்பி முழுவதும் செயலிழந்தவருக்கும் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு. எலும்புத் தேய்விலிருந்தும் சீரற்ற இதயத் துடிப்பிலிருந்தும் பலரைக் காத்தது இந்த ஒரு பரிசோதனை. மருத்துவத்தில் இவ்வளவு நேர்மையான எண்கள் சிலவே என்பது என் கருத்து.

நேர்மையான சாட்சியையும் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டால்தான் பயன். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினின் அரை ஆயுள் சுமார் 7 நாள். மாத்திரை அளவை மாற்றினால் இரத்தத்தில் புதிய சமநிலை வர ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். பிட்யூட்டரி அதற்குப் பிறகே முழுதாக அடங்கும். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனை என்ற விதியின் காரணம் இதுதான். ஒருவருக்கு டி.எஸ்.எச். 9 என்று வைத்துக்கொள்வோம். 50 மைக்ரோகிராம் மாத்திரையை 75 ஆக்குகிறார்கள். இரண்டாம் வாரமே பொறுமையிழந்து சோதித்தால் 6.5 வருகிறது. ‘இன்னும் இறங்கவில்லை’ என்று 100 ஆக்குகிறார்கள். மூன்றாம் மாதம் 0.1, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். உடனே 50க்கு இறக்குகிறார்கள். இத்தனைக்கும் 75 அவருக்குச் சரியான அளவாகவே இருந்திருக்கலாம். நோய் ஏறியிறங்கவில்லை, அவசரம் ஏற்றியிறக்கியது.

நாளின் நேரமும் கணக்கில் வர வேண்டும். டி.எஸ்.எச். பின்னிரவில் உச்சத்திலும் பிற்பகலில் தாழ்விலும் இருக்கும். ஒரு முறை காலை ஏழு மணிக்கும் மறுமுறை அலுவலகம் முடிந்து மாலையிலும் இரத்தம் கொடுத்தவரின் இரு எண்களை ஒப்பிடுவது சரியாகாது. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்துக்கு, இரத்தத்தில் கட்டுறாத தைராக்சினின் அளவான ஃப்ரீ டி4 உயர்ந்து நிற்கும். அதையும் பார்ப்பதென்றால் இரத்தம் கொடுத்தபின் மாத்திரை போடுவதே முறை. 2002இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நலமான 16 ஆண்களை ஓராண்டு மாதந்தோறும் சோதித்தனர். தனி மனிதர் ஒவ்வொருவரின் ஏற்ற இறக்கமும், தாளில் அச்சிடப்படும் பொது வரம்பின் பாதியளவே இருந்தது. அதாவது நம் ஒவ்வொருவருக்கும் சொந்த வரம்பு ஒன்று உண்டு. அதை அறியப் பழைய தாள்கள் வேண்டும், புதிய தாள் மட்டும் போதாது. வயதும் உண்டு: எண்பதைக் கடந்தவர்களில் நலமானவர்களுக்கே டி.எஸ்.எச். 7 வரை போகலாம். 2017இல் வெளியான ‘டிரஸ்ட்’ ஆய்வில், 65 வயதைத் தாண்டி, டி.எஸ்.எச். லேசாக உயர்ந்திருந்த 737 பேரில் ஒரு சாராருக்கு லெவோதைராக்சினும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மருந்து உண்டவர்களின் எண் இறங்கியது. அசதி இரு சாராருக்கும் ஒன்றுபோலவே இருந்தது.

வைட்டமின் டி எண்ணுக்குப் பின்னால் பிட்யூட்டரி போன்ற நீதிபதி இல்லை. தாளில் வருவது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, வெறும் இருப்புக் கணக்கு. எவ்வளவு இருப்பு போதும் என்பதை வல்லுநர்கள் கூடித்தான் வகுக்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு 2010 இறுதியில், மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் நூற்றுக்கு 97 பேருக்குப் போதும் என்றது. அடுத்த ஆண்டே எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. ஒரே இரவில் கோடிக்கணக்கானோர் ‘குறைபாடு’ உள்ளவர்கள் ஆனார்கள். இரத்தத்தில் எதுவும் மாறவில்லை. 2016இல் அந்த முதல் குழுவைச் சேர்ந்தவர்கள் சிலரே பிழையைச் சுட்டிக்காட்டினர்: 20 என்பது ஏறக்குறைய எல்லாருடைய தேவைக்கும் மேலான உச்சவரம்பு, அதற்குக் கீழிருப்பவர் அனைவரும் நோயாளி என்று கொள்ளக் கூடாது. 2024இல் எண்டோகிரைன் சொசைட்டி தன் 30ஐயே கைவிட்டது. நலமான பெரியவர்களுக்கு இப்பரிசோதனையை வழக்கமாகச் செய்வதே வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. நம் தாள்களில் 30 இன்னும் அப்படியே அச்சாகிறது.

குறைபாடே இல்லை என்பதல்ல வாதம். வெயில் காணாமல் வீட்டுக்குள் இருப்பவர், எலும்பு வலிக்கும் முதியவர், குடலில் சத்து உறிஞ்சாதவர் ஆகியோருக்கு இந்த எண் பொருளுள்ளது. ஆனால் வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு எழுதித் தரப்படும் 60,000 யூனிட் பொடியையும் மாத்திரையையும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் பெற்ற மூதாட்டிகள் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள், அவர்களுக்கு அதிகமாக எலும்பும் முறிந்தது.

மூன்று எண்களும் மோதும் இடம் இங்கேதான். வைட்டமின் டி குறைவு என்று எழுதப்படும் சீட்டில் பெரும்பாலும் கால்சியமும் சேர்ந்து வரும். கால்சியம் கார்பனேட், லெவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. இடையில் நான்கு மணி நேரம் விடவேண்டும் என்பது பாடநூல் விதி. வீட்டில் நடப்பது வேறு: தைராய்டு மாத்திரை படுக்கையிலிருந்து எழுந்ததும், பத்து நிமிடத்தில் ஃபில்டர் காபி, இட்லி முடிந்ததும் ‘காலை மாத்திரைகள்’ எல்லாம் ஒரே வாய்த் தண்ணீரில். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருக்கும். சுரப்பி மேலும் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மருந்தைக் கூட்டுவார்கள். கால்சியம் ‘கோர்ஸ்’ முடிந்ததும் அதே மருந்து மிகையாகும். வைட்டமின் எண்ணுக்குச் செய்த வைத்தியத்தைத் தைராய்டு எண் சொல்லிக்காட்டுகிறது, நாமோ அதைப் புதிய நோயாக வாசிக்கிறோம். காலையில் இடைவெளி விட முடியாதவர்கள், இரவு உணவு செரித்தபின் படுக்கப் போகும்போது விழுங்கலாம்; 2010இல் வந்த நெதர்லாந்து ஆய்வு அதில் டி.எஸ்.எச். இன்னும் நன்றாகக் கட்டுப்படுவதைக் காட்டியது.

முடி கொட்டுகிறது என்று வாங்கும் பயோட்டின் செய்வது இதைவிட விபரீதம். நாளொன்றுக்கு உடலுக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். கடை மாத்திரையில் 5,000, 10,000 என்று இருக்கும். அது தைராய்டைத் தொடுவதில்லை, பரிசோதனைக் கருவியை ஏமாற்றுகிறது. பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்தே இயங்கும் சோதனை முறைகளில், டி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும் ஃப்ரீ டி4 பொய்யாக உயர்ந்தும் வரும். பார்ப்பவருக்கு அச்சு அசலாக மிகைச்சுரப்பு நோய். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தைராய்டு குறைந்தவருக்கு முடி கொட்டும். முடிக்காகப் பயோட்டின் உண்பார். பயோட்டின் தைராய்டு மருந்தைக் குறைக்க வைக்கும். முடி மேலும் கொட்டும். சோதனைக்கு இரண்டு நாளாவது முன்பு பயோட்டினை நிறுத்தினால் இந்தச் சுழல் அறுந்துபோகும்.

பி12 எண்ணின் குறை வேறு. இரத்தத்திலுள்ள பி12இல் பெரும்பகுதி, உயிரணுக்களுக்குப் போய்ச் சேராத ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. பயன்படும் பகுதி சுமார் ஐந்தில் ஒன்றுதான். தாளில் வருவது மொத்தம். ஆகவே 250 என்ற ‘இயல்பான’ எண்ணோடு கால் மரத்துப்போகிறவர் உண்டு. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் உண்பவர்களை இந்தச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஆனால் இந்த அரைகுறைச் சாட்சியே டி.எஸ்.எச்.சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேசத் தொடங்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு நோய் உள்ளவர்களில் சிலருக்கு, அதே எதிர்ப்பாற்றல் பிழையால் இரைப்பையின் சுவரும் சிதையும். அமிலச் சுரப்பு குன்றும். பி12ஐ உறிஞ்ச உதவும் காரணி சுரக்காது. தைராக்சின் மாத்திரையும் சரியாகக் கரையாது. இரைப்பை அழற்சி உள்ளவர்களுக்கு லெவோதைராக்சின் 22 முதல் 34 விழுக்காடு வரை கூடுதலாகத் தேவைப்பட்டதை 2006இல் சென்டானி குழுவின் இத்தாலிய ஆய்வு காட்டியது. மருந்தை ஒழுங்காக உண்டும் டி.எஸ்.எச். அடங்கவில்லை, கூடவே பி12உம் தாழ்கிறது என்றால், இரண்டு தடித்த எழுத்துகளுக்கு இரண்டு மாத்திரை எழுதுவது சோம்பல். தேட வேண்டிய இடம் இரைப்பை.

இதற்கு வரும் மறுப்பு எளியது: அதிகம் சோதித்தால் என்ன நட்டம்? இயல்பு வரம்பு என்பது நலமானவர்களில் 95 விழுக்காட்டினரை உள்ளடக்கி வரைவது. தொடர்பற்ற 20 பரிசோதனைகளைச் செய்தால், எந்த நோயும் இல்லாத ஒருவரின் தாளில் ஒன்றாவது தடித்த எழுத்தாக வரும் வாய்ப்பு 64 விழுக்காடு. ‘பேக்கேஜ்’ பெரிதாகப் பெரிதாக நோயாளியும் பெருகுவது கணித விதி. மறுபக்கமும் உண்டு. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு கண்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது அதுவரை தெரியாது. கருவுற்ற பெண் ஏற்கெனவே லெவோதைராக்சின் உண்பவராயின், முதல் வாரங்களிலேயே மருந்தைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். அங்கே ஆறு வாரப் பொறுமை ஆபத்து. ஆகவே சோதனையைக் குறைப்பதே தீர்வு என்று இக்கட்டுரை சொல்லவில்லை; எண்ணோடு அதன் சூழலையும் பதிவதே தீர்வு.

இரத்தம் எடுக்கும் ஊழியர் பெயரும் வயதும் கேட்டுக் குழாயில் ஒட்டுகிறார். அதோடு நான்கு கேள்விகள் கேட்டுத் தாளின் தலைப்பில் அச்சிடலாம்: இப்போது மணி என்ன, கடைசியாகத் தைராய்டு மாத்திரை எப்போது விழுங்கினீர்கள், அந்த அளவை எந்தத் தேதியிலிருந்து உண்கிறீர்கள், வேறு என்ன சத்து மாத்திரைகள் போடுகிறீர்கள். இதற்குப் புதிய கருவி வேண்டாம், கட்டணம் ஏற வேண்டாம். தமிழ்நாட்டுப் பரிசோதனைக் கூடங்களும் அவற்றைக் கண்காணிக்கும் அமைப்புகளும் இதை நடைமுறையாக்க வேண்டும். அதுவரை வாசகர்கள் தங்கள் தாளின் ஓரத்தில் இந்த நான்கையும் பேனாவால் எழுதி மருத்துவரிடம் நீட்டலாம்.