நத்தாரும் கடைத்தெருவும்

நவம்பர் முடிய முன்னரே கடைகளில் நத்தார்ப் பாட்டுத் தொடங்கிவிடுகிறது. அதோடு பழைய மாணவிகள் எங்களுக்குள்ளும் வழமையான பேச்சுத் தொடங்கும். "எங்கட காலத்து நத்தார் எவ்வளவு எளிமையா இருந்தது, இப்ப எல்லாம் வியாபாரமாப் போச்சு" என்று ஓர் அக்கா சொல்லுவார். ரொறன்ரோவிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து இன்னொருவர் ஆமோதிப்பர். நானும் பல வருடங்கள் தலையாட்டியவள்தான். நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அந்த "எங்கட காலம்" உண்மையில் எந்தக் காலம் என்று தேடிப் பார்க்கலாமென எண்ணினேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். தொழிலால் வைத்தியர், வரலாற்று ஆசிரியையல்ல. பிழையிருந்தால் எமக்கு வரலாறு படிப்பித்த ரீச்சர்மார் பொறுத்தருள்க.

நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்ற சொல். 1658 இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் மறைந்திருந்து மக்களுக்குப் பணியாற்றினார். 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்காகக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துக் கைது செய்தனர். அடிகளார் அகப்படவில்லை. 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். வியாபாரம் கலவாத நத்தார் எங்கள் மண்ணில் எப்போதாவது இருந்ததென்றால், அந்த இரவைத்தான் சொல்லவேண்டும். அதைத் திரும்ப வேண்டுமென்று எவரும் கேட்கமாட்டார்கள்.

நத்தாரைத் தடைசெய்தவர்கள் மாற்றுச் சபையினரை மட்டும் ஒடுக்கவில்லை. தம் சொந்த மக்களுக்கும் தடைவிதித்தனர். இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் கை ஓங்கியிருந்தபோது, 1647 இல் பாராளுமன்றம் நத்தார்ப் பண்டிகையை நீக்கியது. வேதாகமத்தில் அந்தத் திகதி இல்லை, குடியும் கூத்தும்தான் மிஞ்சுகிறது என்பது அவர்கள் வாதம். அவர்களது உறவினர் குடியேறிய அமெரிக்காவின் மசாசூசெட்சில், 1659 இல், நத்தாரைக் கொண்டாடினால் 5 ஷில்லிங் தண்டம் என்று சட்டமே வந்தது. 1681 இல் அது நீக்கப்பட்டாலும் மனப்போக்கு நெடுங்காலம் மாறவில்லை. அந்த மாநிலம் நத்தாரை விடுமுறை நாளாக ஏற்றது 1856 இல்தான்.

இதை வாசித்தபோது நான் சற்றுத் திடுக்கிட்டேன். ஏனென்றால் 1816 இல் தெல்லிப்பழையிலும் பின் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்ட அமெரிக்க மிஷனரிமார் வந்தது அந்தச் சபை மரபிலிருந்துதான். 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியவர்களும் அவர்களே. எங்கள் தொழிலின் பாட்டனார் என்று நான் மனதுக்குள் கும்பிடும் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழில் மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தவர், மசாசூசெட்ஸ்காரர். அவர் 1847 இல் இங்கு வந்திறங்கியபோது அவரது சொந்த மாநிலத்தில் நத்தார் ஒரு வேலைநாள். யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலை என்றவுடன் எம் மனதில் எழும் சோடனை மரமும் வாழ்த்து மடலும் அந்த வேரிலிருந்து முளைத்தவையல்ல.

பின் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் கடையிலிருந்துதான். 1843 இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதலாவது நத்தார் வாழ்த்து மடலை அச்சிடுவித்தார். ஆயிரமளவு பிரதிகள், ஒன்று ஒரு ஷில்லிங். படத்தில் ஒரு குழந்தைக்கு வைன் பருக்குவதுபோல் வரைந்திருந்ததால் மதுவிலக்குக்காரர் சத்தம் போட்டார்கள். சார்ள்ஸ் டிக்கன்சின் நத்தார்க் கதை வெளிவந்ததும் அதே வருடம். 1848 இல் விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படமொன்று பத்திரிகையில் வர, மரம் வீடுகளுக்குள் பரவியது. உடனேயே சலிப்பும் வந்தது. 1850 இல் ஹரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய கதையொன்றில் ஓர் இளம்பெண், எல்லோரிடமும் எல்லாமே இருக்கிறது, யாருக்கு என்ன பரிசு வாங்குவது என்று அலுத்துக்கொள்கிறாள். ஆக, அக்காமார் சொல்லும் குறை, நத்தார் மடலைவிட ஏழு வயதுதான் இளையது.

கடைப்பொருளாக வந்ததால்தான் நத்தார் எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்குள்ளும் வந்தது என்று நினைக்கிறேன். திருவிருந்து அப்பத்தில் எங்களுக்குப் பங்கில்லை. கேக் துண்டில் இருந்தது. பக்கத்து வீட்டு அன்ரி நத்தாருக்குத் தட்டத்தில் கேக்கும் கொக்கிசும் அனுப்புவார். வெறுந்தட்டம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா அதில் சீனி போட்டுக் கொடுப்பார், பிறகு தைப்பொங்கலுக்குப் புக்கை அனுப்புவார். இதைச் சீர்கேடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு மனம் நோவது வேறோர் இடத்தில். சில வருடங்களுக்கு முன், டிசெம்பரில், நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் ஒரு தாயின் சீனி திடீரென ஏறியிருந்தது. விசாரித்தபோது, குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதாகச் சொன்னார். பிள்ளையின் முன்பள்ளியில் நத்தார்ப் பாப்பா வருகிறாராம். ஒவ்வொரு பெற்றோரும் குறித்த தொகைக்குக் குறையாமல் பரிசு வாங்கிச் சுற்றி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பாப்பா பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். அந்தத் தாய் கிறிஸ்தவரும் அல்லர். "என்ர பிள்ளைக்கு மட்டும் பேர் கூப்பிடாமல் விட்டா என்ன செய்யிறது டொக்டர்?" என்றார். என்னிடம் மருந்துச்சீட்டைத் தவிர வேறு பதில் இருக்கவில்லை. விற்பதும் வாங்குவதும் இருக்கட்டும். வாங்க முடியாதவர் பெயர் பலர் முன்னிலையில் விடுபட்டுப்போகும்படி ஒரு பண்டிகையை ஒழுங்குசெய்வதுதான் எனக்கு ஒவ்வாதது. எமது சங்கம் விடுதிப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பு வழங்கும்போதும், தந்தவரின் பெயரை ஒலிவாங்கியில் வாசிக்கும் வழக்கத்தை இந்த நூற்றாண்டோடு விட்டால் நல்லது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், கோபிக்கவேண்டாம்.

கடையே இல்லாத நத்தாரையும் நாங்கள் பார்த்தவர்கள். 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டளவு மண்ணெண்ணெய் விட்டு, திரி கொளுத்திப் படித்த காலம். ஒரு வருட ஒளிவிழாவுக்குச் சவுக்கங்கிளையை வெட்டி மரமாக நட்டோம். மழைக்கால யாழ்ப்பாணத்தில் ஏன் பனி என்று அந்த வயதில் ஒருவரும் கேட்கவில்லை. மரமென்றால் பஞ்சுப்பனி வேண்டும். விடுதிப் பொறுப்பாசிரியை தரமாட்டேனென்று விட்டார். "பஞ்சு விளக்குக்கும் புண்ணுக்கும்தான் பிள்ளையள்" என்றார். பின்னர் வார்ட்டில் வேலை செய்தபோதுதான் அவர் சொன்னதன் பெறுமதி விளங்கியது.

தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களோடு படித்த ஒருத்தி, தன் தலையணையின் ஓரத்தைப் பிரித்தாள். வீட்டிலிருந்து அவள் கொண்டுவர முடிந்தவற்றில் அதுவும் ஒன்று; உள்ளே அவர்கள் வளவு மரத்து இலவம்பஞ்சு. மரம் முழுக்கப் பனி கொட்டியது. விழா முடிந்ததும் நாலைந்து பேர் இருந்து பஞ்சைப் பொறுக்கி, சவுக்கு முள்ளை எடுத்து, திரும்ப அடைத்துத் தைத்தோம். தலையணை கொஞ்சம் மெலிந்துவிட்டது.

அவள் இப்போது நோர்வேயில். இதை எழுத முன் தொலைபேசியில் கேட்டேன், அந்த நத்தாரைப் போல் பிறகு ஒன்று வந்ததா என்று. "உனக்கென்ன விசரே?" என்றாள். "அந்த முறை நான் மன்றாடினது ஒரே ஒரு பரிசுக்குத்தான். என்னவெண்டாலும் பரவாயில்லை, கடையில வாங்கினதா இருக்கவேணும் எண்டு."