பிச்சாவரமும் மீட்புத் திட்டமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்துள்ளது பிச்சாவரம். சுரபுன்னையும் தில்லையும் அடர்ந்த இந்த உப்பங்கழிக் காட்டை 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படம் தமிழகம் முழுவதும் அறியச் செய்தது. இங்கே ஒரு பெரிய உல்லாச விடுதி கட்டலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தீப்பிடித்தால் யார், எந்த வழியாக வருவார்கள்?

இந்தக் கேள்வியைக் கட்டிய பிறகு கேட்டதன் விலை உலகுக்குத் தெரியும். பிரிட்டன் அருகிலுள்ள மேன் தீவில் ‘சம்மர்லேண்ட்’ என்ற மாபெரும் கேளிக்கைக் கூடம் 1973 ஆகஸ்ட் 2 அன்று எரிந்தது. சுமார் 3,000 பேர் உள்ளே இருந்தனர். 50 பேர் மாண்டனர். சுவரும் கூரையும் எளிதில் எரியும் பிளாஸ்டிக் பலகைகள். சில வாசல்கள் பூட்டிக் கிடந்தன. தீயணைப்புப் படைக்கு உள்ளிருந்து உடனே தகவல் போகவில்லை. கடலில் நின்ற ஒரு கப்பலிலிருந்து தீயைப் பார்த்துத் தகவல் சொன்னார்கள் என்றால் பாருங்கள்!

நம் ஊரில் பிளாஸ்டிக்குக்குப் பதில் கீற்று. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பற்றியதில் மணமகன் உட்பட பலர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறித்தது. அதன் பிறகே பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. ஆனால் விடுதிக்காரர்களுக்குக் கீற்றுக் குடில் என்றால் இன்றும் தனி மோகம்தான்.

அந்த ஆண்டு அத்துடன் முடியவில்லை. டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல் மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பெரும் சேதமடைந்தது. படகில்லாமல் அங்கே யாரும் போக முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது. காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் பாதிப்பு குறைவு. காடுதான் காத்தது என்று 2005-இல் ஆய்வாளர்கள் எழுதினர். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் முக்கியக் காரணம் என்று வேறு சிலர் 2006-இல் மறுத்தனர். எது சரியாயினும், திட்டுவாசிகள் பின்னர் கிள்ளை அருகே குடியமர்த்தப்பட்டனர். உள்ளூர் மக்களே குடியிருக்க முடியாத இடம் அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அலையாத்திக் காடுகளில் கட்டுமானத்தைக் கடுமையாகத் தடுத்தது. 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கையோ சூழல் சுற்றுலா என்ற பெயரில், நிபந்தனைகளோடு, காட்டு நடைபாதைகளுக்கும் மரக்குடில்களுக்கும் வழி விட்டது. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

மரக்குடிலுக்குத் தீயணைப்பு வண்டி போகாது. வண்டி படகுத்துறையோடு நின்றுவிடும். பிறகு தூக்கிச் செல்லும் பம்பைப் படகில் ஏற்ற வேண்டும். சுற்றிலும் தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் நீர் வற்றும் நேரத்தில் உறிஞ்சு குழாயில் சேறு ஏறும். உப்புநீர் பம்பை அரிக்கும். அவசரத்தில் கிளையை ஒடித்து வழி செய்தால் தில்லைப் பால் கண்ணில் பட்டுப் பார்வையைக் கெடுக்கும். இருட்டில் எந்த வாய்க்கால் எங்கே முடியும் என்பது அங்கே துடுப்புப் போடுகிற படகோட்டிக்குத்தான் தெரியும். விடுதி வரைபடத்தோடு அவர் பெயரும் சேர்ந்துதான் தீயணைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும், அதுவும் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே.