கற்பனையும் கடைச்சரக்கும்

ஒரு நூலை ஒருமுறை வாங்கியவர் அதனைக்கொண்டு ஆயுள் முழுவதும் விளையாடலாம். அவருடைய நண்பர் நால்வர் அதனை வாங்காமலே அவரோடு சேர்ந்து விளையாடலாம். இத்தகைய பண்டத்தை விற்றுப் பிழைப்பது எங்ஙனம்? மேசையைச் சுற்றியிருந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுக்களின் பதிப்பு வரலாறு, இவ்வொரு வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம். ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அவ்வரலாற்றை நாம் நோக்குவது வெறும் பொழுதுபோக்கின் பொருட்டன்று. பலர் கூடிப் படைக்கும் ஒன்று சிலருடைய சொத்தாக மாறும் விதத்தையும், அம்மாற்றத்திற்கு எல்லை எங்கே இடப்படுகின்றது என்பதையும் அது நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

இவ்விளையாட்டில் வெல்பவருமில்லை, தோற்பவருமில்லை. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது பேசும், யாது செய்யும் என்று சொல்வர். ஐயத்துக்கிடமான செயல் கைகூடிற்றா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். விதிநூல் தருவது செயல்முறை மட்டுமே, கதை ஆடுவோருடையது. இவ்வுண்மையை மனத்திருத்திக்கொண்டே நாம் மேலே செல்லவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வாழ்ந்த கரி கைகக்ஸ் 1970இல் காப்புறுதிக் கம்பனி வேலையை இழந்து, வீட்டிலே சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். அவர் எழுதிய போர்விளையாட்டு விதிகளும், மினசோட்டாவில் டேவ் ஆர்ணசன் தம் தோழர்களோடு ஆடிவந்த ஆட்டமும் இணைந்தே 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' தோன்றிற்று. கைகக்ஸும் அவர் நண்பர் டொன் கேயும் 1973இல் டீ.எஸ்.ஆர். என்ற பதிப்பகத்தைத் தொடங்கினர். பிறையன் புளூம் முதலிட்ட 2000 டொலர் அச்சுச் செலவுக்கு உதவிற்று. 1974இல் மூன்று சிறுநூல்கள் அடங்கிய பெட்டி 10 டொலர் விலைக்கு வெளிவந்தது. கையாலேயே பெட்டியிலிட்டு ஆயத்தஞ் செய்யப்பட்ட 1000 பிரதிகளும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன.

அம்முதற் பதிப்பின் முடிவுரை, ஐயம் எழுமிடத்து ஆடுவோர் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றும், கற்பனையைப் பிறரிடம் எதிர்பார்க்கவேண்டியதில்லை என்றும் அறிவுறுத்திற்று. ஆயினும் வணிகத்தின் நியதி வேறு. 1975இல் முதலாவது துணைநூல் வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் துணைநூல்கள் நான்காயின. 1976இல் இலினோயிசைச் சேர்ந்த ஜட்ஜஸ் கில்ட் என்ற சிறு நிறுவனம், கதை நடத்துவோருக்கு வேண்டிய நகரப் படங்களையும் ஆயத்தக் கதைகளையும் சந்தா முறையில் விற்க முற்பட்டது. பிறர் ஆக்கிய கதையை எவர் வாங்குவர் என்ற ஐயம் விரைவிலேயே நீங்கிற்று. 1978 முதல் டீ.எஸ்.ஆரும் அத்தகைய கதைநூல்களை வெளியிட்டது. கற்பனையைத் தாமே செய்துகொள்ளுங்கள் என்றவர்களே அதனை விலைக்குத் தரலாயினர்.

உரிமைப் பிணக்கும் உடன் எழுந்தது. 1977 தொடக்கம் 1979 வரை 'அட்வான்ஸ்ட்' என்ற அடைமொழியோடு விதிகள் கெட்டி அட்டை நூல்களாக வெளியாயின. இது வேறு விளையாட்டு, ஆகவே ஆர்ணசனுக்கு இதில் உரிமைப்பணம் இல்லை என்பது நிறுவனத்தின் நிலை. ஆர்ணசன் 1979இல் வழக்குத் தொடுத்தார்; 1981இல் இணக்கம் ஏற்பட்டது. கைகக்ஸின் கதியும் வேறன்று. 1985இல் தாம் தொடங்கிய நிறுவனத்தின் ஆட்சியையே அவர் இழந்தார். படைத்தவனுக்கும் படைப்பின் உடைமையாளனுக்கும் இடையிலுள்ள தூரத்தை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

இத்தொழிலின் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்வோம். ஐவர் கூடும் மேசையில் அடிப்படை விதிநூலை ஐவரும் வாங்கக்கூடும். கதைநூலையோ கதை நடத்துபவர் ஒருவரே வாங்குவார். மற்றையோர் அதனைப் படித்துவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும். எனவே அடிப்படை நூல் விற்று ஓய்ந்ததும் பதிப்பாளருக்கு எஞ்சும் வழிகள் இரண்டு. துணைநூல்களைப் பெருக்குதல் ஒன்று. விதிகளைத் திருத்திப் புதிய பதிப்பை இறக்கிப் பழையதை மங்கவைத்தல் மற்றொன்று. அட்டையிற் குறித்த விலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு விநியோகத்தருக்கும் கடைக்காரருக்கும் போய்விடும். மிச்சத்தில் அச்சும் ஓவியமும் எழுத்தும் நடைபெறவேண்டும். எழுதுபவரோ பெரும்பாலும் சொல்லுக்கு இத்தனை சதமென்று கூலிபெற்று, உரிமையை நிறுவனத்திடமே ஒப்படைத்துவிடுபவர்.

முதல் வழியின் முடிவு டீ.எஸ்.ஆரின் வீழ்ச்சியிலே தெரிந்தது. தொண்ணூறுகளில் அது கற்பனை உலகங்கள் பலவற்றைப் படைத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூல்வரிசை வெளியிட்டது. வாங்குவோர் பெருகவில்லை, பிரிந்தனர். புத்தகக் கடைகளுக்கு அதன் நூல்களை விநியோகித்தது றான்டம் ஹவுஸ். நூல்களை அனுப்பியவுடன் பணம் கைக்கு வந்தது. விற்காதவை திரும்பிவந்தபோது அப்பணம் கடனாயிற்று. அச்சகத்தார் மேலும் அச்சிட மறுத்தனர். 1997இல் விசாட்ஸ் ஒவ் த கோஸ்ட் என்னும் நிறுவனம் அதனை வாங்கிற்று. அந்நிறுவனத்தை 1999இல் விளையாட்டுப் பொருட் பெருநிறுவனமான ஹஸ்புறோ வாங்கிற்று.

2000ஆம் ஆண்டில் புதுமையான ஏற்பாடொன்று நிகழ்ந்தது. மூன்றாம் பதிப்போடு திறந்த அனுமதிப்பத்திரம் ஒன்று வெளியாயிற்று. விதிகளின் சாரத்தைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தித் தம் நூல்களை விற்கலாம். இலாபங் குறைந்த கதைநூல்களைப் பிறர் ஆக்கட்டும்; அவை யாவும் தமது அடிப்படை நூலின் விற்பனையைப் பெருக்கும் என்பதே உரிமையாளரின் கணிப்பு. சிறு பதிப்பகங்கள் பல தோன்றின. 2003இல் விதிகள் திருத்தப்பட்டபோது, பழைய விதிகளுக்கு எழுதப்பட்ட நூல்கள் பல கடைகளில் தேங்கின. எனினும் கொடுத்த அனுமதி நிலைத்தது. 2008இல் நான்காம் பதிப்பு இறுக்கமான நிபந்தனைகளோடு வந்தபோது, பைசோ என்ற பதிப்பகம் பழைய திறந்த விதிகளைத் திருத்தி 2009இல் 'பாத்ஃபைண்டர்' என வெளியிட்டு, மூலநூலுக்கே போட்டியாக எழுந்தது.

இணையம் அச்சுக்கூலியின் சுமையைக் குறைத்தது. மின்நூல்களும், கேட்டபோது மட்டும் அச்சிடும் முறையும், முன்பணந் திரட்டும் முறையும் தனியொருவரையும் பதிப்பாளராக்கின. ஆனால் வாயிற்காவலர் அங்கும் உளர். 2016இல் தொடங்கிய டீ.எம்.ஸ் கில்ட் என்னும் விற்பனைத்தளத்தில், எழுதியவருக்குக் கிடைப்பது விலையிற் பாதி. மறுபாதியை விளையாட்டின் உரிமையாளரும் தளத்தை நடத்துபவரும் பகிர்ந்துகொள்வர்.

2023 ஜனவரியில் நெருக்கடி முற்றிற்று. திறந்த அனுமதியை இரத்துச் செய்யும் புதிய பத்திரத்தின் வரைவு வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் 750,000 டொலரைக் கடந்தால், அதற்கு மேற்பட்ட தொகையிற் கால்பங்கு வரை கொடுக்கவேண்டும்; பிறர் எழுதியதை நிறுவனமும் பயன்படுத்தும் உரிமை கொள்ளும். இருபதாண்டுகளுக்கு மேலாக அவ்வனுமதியை நம்பி வாழ்ந்த எழுத்தாளர்களும் சிறு பதிப்பாளர்களும் எதிர்த்தனர். ஆடுவோர் தம் இணையச் சந்தாக்களை நிறுத்தினர். அம்மாத இறுதியிலேயே நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் விதிச்சாரத்தை மீளப்பெற முடியாத பொது அனுமதியின்கீழ் விட்டது. 2025இல் திருத்திய விதிச்சாரமும் அவ்வாறே வெளியாயிற்று.

எழுதுவோரும் வரைவோரும் அச்சிடுவோரும் உண்ணவேண்டும். அவர்தம் உழைப்புக்கு விலை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்விலை அவர்களைச் சென்றடைகின்றதா என்பதே நம் கேள்வி. பாதையமைத்தவருக்குக் கூலி உரியது. பாதையில் நடப்போர் தமக்குள் பேசிச்செல்லும் கதைக்கு வரிகேட்கும் உரிமை எவருக்குமில்லை. அவ்வுரிமையை எவரேனும் கோருமிடத்து, அதனைத் தடுப்பது சட்டப் பத்திரம் மட்டுமன்று, ஒன்றுபட்டு மறுக்கத் துணிந்தவர்களுமே என்பதை 2023ஆம் ஆண்டு மெய்ப்பித்தது.