காதால் பிரித்த கியர் பெட்டி

பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியருக்கு மேலே தூக்கணும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்கணும். ஸ்பிளெண்டரில் பழகிய ஒருவரை அதில் ஏற்றிவிட்டால் அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதிப்பார். இந்த ஏற்பாடு திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு அப்படியே வெளிவந்துகொண்டிருந்தது. அம்பாசிடர் காருக்கும் இதே பெருமையோ சாபமோ உண்டு. ஆனால் புல்லட் விஷயத்தில் இந்த மாறாமை ஓர் அறிவை வளர்த்துவிட்டது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் ஜி.எஸ்.டி. சாலையோரப் பட்டறைகளில் அது இன்னும் மிச்சமிருக்கிறது.

1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் உதிரிகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து, பாகங்களை இங்கேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்துக் கம்பெனியின் கதை முடிந்தது. சென்னையில் மட்டும் 1955ஆம் ஆண்டு இயந்திரம் தொடர்ந்து ஓடியது; 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. லைசென்ஸ் காலத்து இந்தியாவில் வண்டி வாங்கவே வரிசையில் நிற்க வேண்டும். போலீசும் ராணுவமும் வாங்கிக்கொண்டே இருந்தன. மாற்றித்தான் ஆகணும் என்ற கட்டாயம் யாருக்கு இருந்தது?

இதன் கியர் பெட்டி பர்மிங்காமின் ஆல்பியன் கம்பெனி வடிவமைப்பு. இன்ஜினோடு ஒரே வார்ப்பாக இல்லாமல் தனிப் பெட்டியாக, இன்ஜினின் முதுகில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். உள்ளே கியர் எண்ணெய்க்குப் பதில் இளகிய கிரீஸ். இரண்டு கியர்களுக்கு நடுவே எதிலும் சேராமல் வழுக்கி நிற்கும் ஃபால்ஸ் நியூட்ரல் இதன் பிரபலமான குணம். நியூட்ரல் கிடைப்பது சிரமம் என்பதை ஒப்புக்கொள்வது மாதிரி, குதிகாலால் அமுக்கினால் இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வரும் குட்டி லிவர் ஒன்றையும் வைத்திருந்தார்கள். குறையைச் சரிசெய்யாமல் குறைக்கு ஒரு கைப்பிடி வைத்த அந்த மனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் மென்பொருளில் செய்வதும் பல நேரம் இதுதான்.

ஒரே பெட்டி ஐம்பது வருடம் மாறாமல் இருந்தால், 1965இல் ஒருவர் கேட்ட சத்தத்தை 1995இல் அவரிடம் தொழில் கற்ற பையனும் கேட்பான். காரணமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். சர்வீஸ் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. இந்த அறிவோ பேச்சில், கையில், காதில் இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் சில சனிக்கிழமைகள் போய் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி வந்தால் அவர் ஸ்பேனரைத் தொடுவதில்லை. முதல் கேள்வி: "சத்தம் இன்ஜின் வேகத்தோட ஏறுதா, வண்டி வேகத்தோட ஏறுதா?" பலருக்குப் பதில் தெரியாது. "நாப்பதுல போறப்ப கிளட்ச்சப் புடிச்சு நியூட்ரல் பண்ணிட்டு உருள வுடு. சத்தம் கூடவே வருதான்னு பாத்துட்டு வா தம்பி" என்று அனுப்பிவிடுவார். கூடவே வந்தால் இன்ஜினை மறந்துவிடலாம். செயின், பின் ஸ்பிராக்கெட், வீல் பேரிங் இவற்றில் ஒன்று. நின்றுபோனால் முன்பக்கம் தேடணும். ஒரே கேள்வியில் பாதி வண்டி கழிந்துவிட்டது. பிழை தேடுவதே என் பிழைப்பு என்பதால் சொல்கிறேன், இதைவிடச் சுருக்கமான வழி எங்களிடமும் இல்லை.

அடுத்தது வண்டியை நிறுத்தி நியூட்ரலில் கேட்பது. நீளமான திருப்புளியின் முனையைப் பெட்டியில் ஊன்றி, கைப்பிடியைக் காது எலும்பில் வைத்துக்கொள்வார். கிளட்ச்சைப் பிடித்ததும் இரைச்சல் அடங்கினால் கியர் பெட்டியின் மெயின் ஷாஃப்ட் பேரிங் மீது சந்தேகம். பிடித்தபோது மட்டும் வந்தால் கிளட்ச் பக்கம். இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவிலுள்ள பிரைமரி செயின் தளர்ந்திருந்தால், ஐடிலில் சங்கிலி டப்பாவைத் தட்டுகிற ஒரு சலசலப்பு கேட்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது நாலாவது கியர் சோதனை. ஆல்பியன் பெட்டியில் நாலாவது நேர் கியர். விசை துணை ஷாஃப்ட்டைச் சுற்றிப் போகாமல் நேராகப் பின்னால் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்றில் முனகும் வண்டி நாலில் அமைதியானால் துணை ஷாஃப்ட்டும் அதன் புஷ்ஷும்தான் ஆள். பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே எந்தத் தண்டு தேய்ந்தது என்று சொல்லிவிடலாம். சிடி 100 போன்ற ஜப்பானிய வகைப் பெட்டிகளில் எல்லாக் கியரும் இரண்டு ஷாஃப்ட் வழியாகவே போவதால் இந்த வித்தை செல்லாது.

விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. ரயில் நின்றதும் நீளக் கைப்பிடிச் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போகும் ஊழியர்களை ஒரு தலைமுறைக்கு நினைவிருக்கும். நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று ஒலிக்கும். பட்டறையின் காதும் அதே வம்சம்தான்.

கியர் விழவில்லை என்று வரும் வண்டிகளில் பல கியர் குற்றமே இல்லாதவை. கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காது, முதல் கியர் 'டக்' என்று முட்டும். நடு ஸ்டாண்டு போட்டு, கிளட்ச்சைப் பிடித்து முதல் கியரில் வைத்தால் பின்சக்கரம் அடம்பிடித்துச் சுழலும். கேபிளைச் சரிசெய்தாலே பாதி தீரும். அதற்கும் மசியாத ஆல்பியனில், கியர் மாற்றும் பற்களைத் தாங்கும் தகட்டை நீள்துளையில் துளி நகர்த்தணும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது கால் சொல்வது. வேறொரு பட்டறையில் பெட்டியையே பிரிக்கணும் என்று சொல்லி அனுப்பிய வண்டி, இங்கே பத்து நிமிடத்தில் தயாரானதைப் பார்த்தேன். பிரிக்கும் கூலி என்பது ஒரு பால்காரருக்குச் சின்னச் செலவு இல்லை.

செயினுக்கு இந்த ஊரில் தனி எதிரி உண்டு. மரக்காணத்து உப்பளங்களுக்குப் போய்வரும் வண்டிகளின் இணைப்புகளில் செங்கல் நிறத்தில் துரு கசியும். சில இணைப்புகள் மட்டும் இறுகிப்போகும். சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் விறைப்பாகவும் இன்னோரிடத்தில் தொய்வாகவும் இருக்கும். விறைத்த இடத்தில் வைத்துத்தான் தொய்வை அளக்கணும்; மாற்றிச் செய்தால் அங்கே வரும்போது பேரிங்கை இழுத்துக் கொல்லும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறம் செயினை விரலால் இழுத்துப் பார்ப்பார். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட்டாக மாற்றச் சொல்வார்.

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோதே நாட்டின் கால் இடப்பக்கம் பழகத் தொடங்கிவிட்டது. 1994இல் என்ஃபீல்டு ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2000களில் இடது கால் ஐந்து கியர் வந்தது. 2008, 2009 வாக்கில் இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பாக மாறின. வண்டி எண்ணெய் கசியாமல் ஓடியது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பால்காரருக்கும் ஆசிரியருக்கும் வேண்டியது காலையில் கிளம்புகிற வண்டி. ஆனால் அதன்பின் மாடல்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. ஒரு சத்தத்தைப் பையன் கற்றுத் தேறும் முன்பே அந்தப் பெட்டி விற்பனையில் இருப்பதில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகளோடு இருசக்கர வண்டிகளுக்கும் தன்னைத்தானே சோதிக்கும் மின்னணு அமைப்பு கட்டாயமானது. கோளாறு என்றால் மீட்டரில் விளக்கு எரியும், ஸ்கேனரைச் செருகினால் எண் வரும். திண்டிவனம் அண்ணனிடமும் ஒன்று இருக்கிறது, பிளாஸ்டிக் உறை கழற்றாமல். அந்த விதிகள் புகைக்காக எழுதப்பட்டவை. தேய்ந்த ஸ்பிராக்கெட்டுக்கும் இறுகிய இணைப்புக்கும் இழுக்கும் கிளட்ச்சுக்கும் எந்த விளக்கும் எரிவதில்லை. புது வண்டி சத்தம் போடுகிறது என்று யாராவது வந்தால், ஸ்கேனர் ஒன்றும் சொல்லாத பிறகு, அவர் அதே கேள்வியைக் கேட்டு அவர்களை மயிலம் ரோடு வரை உருட்டிவிட்டு வர அனுப்புகிறார். பையனையும் பின்சீட்டில் ஏற்றிவிடுகிறார்.